மூவாயிரம் சுற்றுக்கு மேலே

வீட்டைப் பங்கு போட்டாயிற்று.
வெள்ளிச் சாமானை எடை போட்டாயிற்று.
பிரியாமல் நின்றவை இரண்டு கார்கள்.
விலை சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று
செக்காலையில் லாரிக்கு அடியில் கிடந்த என்னைக்
காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

சித்தப்பா பிள்ளையில்லாமல் போனவர்.
ஒரு மஸ்டாங், ஒரு லான்சர் எவோ.
பினாங்குப் பணமெல்லாம்
இந்த இரண்டின் டாங்கில்தான் கரைந்தது என்று
ஊரே சொல்லும்.
பெட்ரோல் பங்க்காரர் மட்டும் சொல்லமாட்டார்.

கானாடுகாத்தானுக்கு அப்பால்
யுத்தத்தின்போது வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம்.
விமானம் இறங்கி எத்தனையோ வருஷம்.
இன்று காலை அங்கே இரண்டு மயில்,
வெடிப்பில் முளைத்த எருக்கு,
நான், அண்ணன், தங்கை.

அடைக்கப்பன் செட்டியார் பேசமாட்டார்.
"காப்பி சாப்பிடுறீகளா?" என்றால்
டம்ளர் ஆறிய பிறகு தலையசைப்பார்.
உண்ணாமலை ஆச்சி அப்படியில்லை.
கேள்வி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
உள்ளேயிருந்து பதில் வந்துவிடும்.

முதலில் நானே ஓட்டிக் காட்டினேன்.
அமெரிக்க வண்டிக்கு எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர்.
முள் ஆயிரத்து ஐந்நூறைத் தொடவில்லை,
அதற்குள் முதுகில் ஓர் உள்ளங்கை.
எந்தக் கியர் என்றுகூட அது கேட்பதில்லை.
பெட்டகத்தைத் திறந்தே வைத்திருக்கிற வீடு மாதிரி,
வேண்டியதை எடுத்துக்கொண்டு போ.

ஜப்பான் வண்டி வேறு கணக்கு.
இரண்டே லிட்டர். கீழே கெஞ்ச வேண்டும்.
தான் விட்ட புகைதான் அதற்கு விசிறி.
புகை விசிறியைச் சுற்ற,
விசிறி காற்றைத் திணிக்க,
திணித்த காற்றில் இன்னும் புகை.
வட்டிக்கு வட்டி.
மூவாயிரத்தில் மெல்ல ஒரு விசில்.
மூவாயிரத்து ஐந்நூறில்
ஓடுதளத்தின் மறுமுனை
பாயைப் போலச் சுருண்டு மடிக்கு வருகிறது.

ஆச்சி எவோவில் ஏறினாள்.
மிதித்தாள். வண்டி யோசித்தது.
"செத்த எஞ்சின், சவேரி" என்று காலை எடுத்தாள்.
மறுபடி மிதித்தாள். மறுபடி எடுத்தாள்.
மூன்று தடவையும்
விசில் தொடங்குகிற அதே இடத்தில்.
"காலை எடுக்காதீக ஆச்சி" என்றேன்
பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு,
"இன்னும் ஒரு மூச்சு. ஒரே மூச்சு."

நாலாவது தடவை எடுக்கவில்லை.

மயில்கள் இருந்த இடத்தில் மயில்கள் இல்லை.
ஆச்சி வாயிலிருந்து வந்தது சொல்லே இல்லை.
வண்டி நின்ற பிறகும்
ஸ்டியரிங்கை விட மனசு வரவில்லை அவளுக்கு.

அண்ணன் மஸ்டாங்கை எடுத்தார்.
எதற்கும் காத்திருந்தே பழகிய கால்.
அடிவரை மிதித்துவிட்டுக் காத்திருக்கப் பார்த்தார்.
அந்த வண்டியில் காத்திருக்க இடம் கிடையாது.
பின்சக்கரம் இரண்டும் புகைந்து,
மூக்கு திரும்பி, வால் முந்தி,
சரளையில் இறங்கி
முந்திரி மரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

செம்மண் அடங்க நேரமாயிற்று.
இறங்கினார். வேட்டியை உதறவில்லை.
புழுதிக்குள்ளிருந்தே கேட்டார்:
"அம்மாவோட கழுத்திரு எங்க, உண்ணாமலை?"

பாகப் பத்திரத்தில் இல்லாத சாமான் அது.
பதினோரு வருஷமாய் அவர் கேட்காத சாமான்.

என்னை விலைக்குத்தான் கூப்பிட்டார்கள்.
சீட்டில் எழுதிச் சட்டைப்பையிலும் வைத்திருந்தேன்,
எது கூட, எது குறைச்சல்,
டயர் தேய்மானம் கழித்து.
யாரும் கேட்கவில்லை.

ஆச்சி வாயைத் திறக்கவில்லை.
அந்த முகத்தில் முதல் தடவையாக
ஒரு முள் ஏறுவதைப் பார்த்தேன்.
ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு.
இரண்டாயிரம்.

மூவாயிரம் நெருங்கும்போது
டயரைப் பார்க்கிற சாக்கில்
மரத்தடிக்குப் போய்விட்டேன்.